கூடி எடை குறைத்தவர்களின் கதை



தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு நாம் தராசைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, 400, 500 மரங்களைச் சீவி, காண்டாக் கம்பின் இரு முனையிலும் வாளிகளைத் தொங்கவிட்டுப் பால் கொட்டகைக்கு வந்து நின்றவர்கள் நம் தாய்மார்கள். கிராணியார் நிறுத்துச் சொல்லும் எண்ணை மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டவர்கள். எண் குறைந்தால் கூலி குறையும். இன்று அவர்களுடைய மகள்கள் செலாயாங்கிலும் பத்துமலையிலும் அரசாங்க மருந்தகத்துத் தராசின் மேல் ஏறும்போது அதே போல மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள். எண் கூடியிருக்குமோ என்பது இவர்கள் அச்சம்.

இந்த மாற்றம் எப்படி வந்தது, உடல் எடையைக் குறைப்பதற்காக மனிதர்கள் ஒன்றுகூடும் வழக்கம் எங்கே தோன்றியது, அது நமக்கு உண்மையிலேயே புதிய வழக்கந்தானா என்பவற்றை இன்றைய பேச்சில் காண்போம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாத் தோட்டங்களில் பருத்த உடல் ஒரு பிரச்சினையாக இருக்கவில்லை. மலேரியாவும் கொக்கிப்புழுவும் மனிதரை உருக்கிக் கொண்டிருந்த காலம் அது. 1901-இல் கிள்ளானுக்கு வந்த டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலங்களை வடித்துக் கொசுவை ஒழிக்கப் பாடுபட்டதே பல உயிர்களைக் காத்தது. அதே காலத்தில் கோலாலம்பூரில் நடந்த ஒரு சோதனையையும் நாம் அறிந்திருப்பது நல்லது. டாக்டர் வில்லியம் பிளெட்சர் என்பவர் 1905, 1906 ஆண்டுகளில் மனநோயாளர் விடுதியில் ஒரு பகுதியினருக்குத் தீட்டிய வெள்ளை அரிசியும், மற்றப் பகுதியினருக்குப் புழுங்கல் அரிசியும் கொடுத்துப் பார்த்தார். வெள்ளை அரிசி உண்டவர்களிடையே பெரிபெரி என்னும் கால் வீங்கி நரம்பு தளரும் நோய் பரவியது. புழுங்கல் அரிசி உண்டவர்களிடையே பரவவில்லை. டாக்டர் பிராடன் என்பவர், சீனச் சுரங்கத் தொழிலாளர்களைப் பீடித்த அந்நோய் தமிழர்களை அவ்வளவாக அண்டாததைக் கவனித்து, அதற்குக் காரணம் அவர்கள் உண்ட புழுங்கல் அரிசியே என்று அதற்கு முன்பே கருதியிருந்தார். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. நம் பாட்டிமார் இந்த விஞ்ஞானம் தெரிந்து நெல் அவித்தவர்கள் அல்லர். ஆனாலும் அவர்கள் பானை நம்மைக் காத்தது.

அன்றைய உணவையும் அன்றைய உழைப்பையும் சேர்த்தே பார்க்கவேண்டும். ஒரு பெரிய தட்டுச் சோறும் ஒரு குவளை இனிப்புத் தேநீரும், மேடு பள்ளம் ஏறி இறங்கிப் பால் வெட்டியவருக்கு மதியத்திற்குள் செலவாகிவிடும். பின்னர் கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்டங்கள் ஒவ்வொன்றாக வீடமைப்புத் திட்டங்களாக மாறின. லயத்திலிருந்தவர்கள் நீள வீடுகளுக்கும், அங்கிருந்து அடுக்குமாடிகளுக்கும் போனார்கள். மரத்தடியில் நடந்த கால்கள் தொழிற்சாலையில் ஓரிடத்தில் நின்றன. காவலாளி நாற்காலியில் அமர்ந்தன. தட்டும் குவளையும் மட்டும் அப்படியே இருந்தன. உண்மையில் அப்படியே இருக்கவும் இல்லை. கெட்டிப்பால் ஊற்றிய தே தாரேக், ரொட்டி சானாய், நாசி லெமாக் என்று கைக்கெட்டும் தூரத்தில் வந்து சேர்ந்தவை எத்தனை! எங்கள் பள்ளியின் பெயர்ப்பலகையில் இன்றும் 'தோட்டம்' என்ற சொல் இருக்கிறது. சுற்றிலும் பார்த்தால் கார்களும் கடைகளுமே தெரிகின்றன.

விளைவை எண்ணிக்கையில் காண்போம். 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தோரில் 50.1 விழுக்காட்டினர் மிகை எடையோ உடற்பருமனோ கொண்டவர்கள். இந்தியரிடையே அது 63.9 விழுக்காடு. நீரிழிவு, அதாவது நாம் சர்க்கரை வியாதி என்பது, நாட்டில் 18.3 விழுக்காடாக இருந்தபோது இந்தியரிடையே 31.4 விழுக்காடாக இருந்தது. மூவரில் ஒருவர் என்று சொன்னால் அதிகம் தவறில்லை. 2023-ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டின் மிகை எடை, பருமன் விழுக்காடு 54.4 ஆக உயர்ந்துவிட்டது. இதில் இன்னொரு சங்கடமும் உண்டு. ஐரோப்பியருக்குத் தீங்கு செய்யாத எடை, ஆசிய இனத்தவருக்குத் தீங்கு செய்துவிடுகிறது. கையும் காலும் மெலிந்து வயிறு மட்டும் முன்தள்ளியிருக்கும் உடல்வாகு நம்மவரிடம் மிகுதி. அதனால்தான் இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் மேற்படக் கூடாதென்று மருத்துவர்கள் வரம்பு வைத்திருக்கிறார்கள். தையல்காரரின் நாடா போதும், இதை அளந்துகொள்ள.

எங்கள் பள்ளியில் படித்த பிள்ளை ஒருத்தியின் தாயார், சர்க்கரையால் ஒரு கால்விரலை இழந்தவர். அவர் எங்களிடம் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது. "எடையைக் குறைங்கன்னு ஒவ்வொரு தடவையும் சொன்னாங்க, டீச்சர். சரின்னு தலையாட்டிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்தா நான் ஒருத்திதானே?" அவருக்கு அறிவுரை போதாமல் போகவில்லை. அறிவுரை கிடைத்த பிறகு துணைக்கு யாரும் இல்லாமல் போனதுதான் குறை.

இந்தக் குறையை வேறோர் ஊரில் வேறு சிலர் உணர்ந்த வரலாறு ஒன்று உண்டு. அதன் முதற்படி எடையைப் பற்றியதன்று, குடியைப் பற்றியது. 1935-இல் அமெரிக்காவில் ஓஹையோ மாநிலத்து அக்ரன் நகரில், குடியை விட முடியாமல் தவித்த பில் வில்சன் என்ற பங்குத் தரகரும் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவரும் சந்தித்தார்கள். குடிகாரனுக்குக் குடிகாரனே துணை என்று கண்டார்கள். தன்னைப் போலத் தடுமாறிய ஒருவனிடம் மனம் திறந்து பேசும் நாளில் குடிக்காமல் இருக்க முடிகிறது என்பது அவர்கள் அனுபவம். அதிலிருந்து பிறந்ததே குடிநோயாளர் கூட்டங்கள். பின்னர் 1948-இல் மில்வாக்கி நகரில் எஸ்தர் மான்ஸ் என்ற இல்லத்தரசி, கர்ப்பிணிப் பெண்கள் கூடிப் பேசும் வகுப்புகளில் தமக்குக் கிடைத்த தைரியத்தை நினைத்து, எடையைக் குறைப்பதற்கும் அப்படிக் கூடினால் என்ன என்று எண்ணினார். தோழியர் சிலரோடு தம் சமையலறையில் கூட்டத்தைத் தொடங்கினார். அது இலாப நோக்கற்ற சங்கமாக வளர்ந்து இன்றும் இருக்கிறது.

ஆனால் உலகெங்கும் பேசப்பட்டது நியூயார்க்கைச் சேர்ந்த ஜீன் நைடிச்சின் கதைதான். 1923-இல் பிறந்தவர், வாடகைக் கார் ஓட்டுநரின் மகள். 1961-இல் அவர் எடை 214 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 97 கிலோ. ஒரு நாள் பல்பொருள் கடையில் எதிர்ப்பட்ட தெரிந்த பெண்ணொருத்தி, "எப்போது பிரசவம்?" என்று கேட்டுவிட்டாள். அவர் கர்ப்பமாக இருக்கவில்லை. அந்தக் கேள்வி தைத்தது. நகரச் சுகாதாரத் துறை நடத்திய இலவச மருந்தகத்திற்குப் போனார். அங்கே கொடுத்த உணவுத் திட்டம் நல்ல திட்டந்தான். சில வாரங்களில் எடையும் இறங்கியது. ஆயினும் அவர் ஒரு பொய்யை மறைத்துக்கொண்டிருந்தார். இரவில் எல்லாரும் உறங்கிய பிறகு, ஒளித்து வைத்திருந்த பிஸ்கட்டுகளைத் தின்றுகொண்டிருந்தார். மருந்தகத்து அம்மையாரிடம் அதைச் சொல்ல அவருக்கு நா எழவில்லை.

அவர் செய்தது எளிய காரியம். பருத்த உடல் கொண்ட தோழியர் ஆறு பேரைத் தொலைபேசியில் அழைத்துத் தம் வீட்டுக்கு வரச்சொன்னார். வந்தவர்களிடம் பிஸ்கட் இரகசியத்தைப் போட்டு உடைத்தார். கேட்டவர்கள் சிரிக்கவில்லை, தாங்கள் ஒளித்து வைத்திருந்தவற்றைச் சொல்லத் தொடங்கினார்கள். அடுத்த வாரமும் கூடினார்கள். இரண்டு மாதத்தில் அது 40 பேர் கூட்டமாயிற்று. 1962 அக்டோபரில் அவர் 142 பவுண்டுக்கு, ஏறக்குறைய 64 கிலோவுக்கு, இறங்கினார். 1963 மே மாதம் அது முறைப்படி ஒரு நிறுவனமாகப் பதிவாயிற்று. முதல் பொதுக்கூட்டத்திற்கு 50 நாற்காலிகள் போட்டுவைத்த இடத்தில் 400 பேர் வந்து நின்றார்கள் என்று அவர் பிற்காலத்தில் சொல்வதுண்டு. 1978-இல் அந்த நிறுவனம் பெருந்தொகைக்கு விற்கப்பட்டது. தோழியர் கூட்டமாக இருந்தது வணிகமாகிப்போனதில் நமக்குச் சற்று வருத்தம் உண்டு. கூடுவதற்கு யாரும் கட்டணம் வசூலிக்கவேண்டியதில்லை. ஆனாலும், உணவுத் திட்டம் மருந்தகத்தில் இருந்தது, அதைக் கடைப்பிடிக்கும் தெம்பு ஆறு தோழியரிடம் இருந்தது என்று கண்டுபிடித்துக் காட்டிய பெருமை அந்த அம்மையாருக்கே உரியது.

இதைக் கேட்கும்போது, இதெல்லாம் வெள்ளைக்காரர் வழக்கம், நமக்கு ஒத்துவருமா என்று சிலர் கேட்கக்கூடும். அவர்கள் நம் தோட்ட வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்க்கவேண்டும்.

நம் தோட்டங்களில் எடைக்கு முன்பு உடலையும் குடும்பத்தையும் அரித்தது கள். கள்ளுக்கடை தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. சம்பள நாளில் தகப்பன் அங்கே போய்விட்டுத்தான் வீட்டுக்கு வருவான். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த பெரிய வேலைநிறுத்தத்தை நேயர்கள் கேள்விப்பட்டிருக்கலாம். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் அதன் முன்னணியில் நின்றவர். கூலி உயர்வு, பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்துதல், துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கவேண்டும் என்ற விதியை நீக்குதல் ஆகியவற்றோடு கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும் தொழிலாளர் வைத்த கோரிக்கை. எண்ணிப் பாருங்கள்: தாமே குடிக்கும் கடையைத் தாமே மூடச்சொல்லிக் கேட்டார்கள். கடை திறந்திருக்கும் வரை தனி ஒருவனால் அதைத் தாண்டிப் போக முடியாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த மே மாதத்தில் நாதன் கைதானார். பின்னர் நாடு கடத்தப்பட்டார். சிலாங்கூரில் படை வரவழைக்கப்பட்டது; துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் ஐவர் மாண்டனர்.

போர் முடிந்தபின், 1946, 1947 ஆண்டுகளில் கெடாவில் தொண்டர் படை எழுந்தது. பீடோங் அருகே ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி தலைமையில் இளைஞர்கள் அணிவகுத்தனர். இந்திய தேசிய இராணுவத்தில் பயிற்சி பெற்றவர் பலர் அதில் இருந்தனர். காலையில் அணிநடை, மாலையில் கள்ளுக்கடை வாசலில் மறியல் என்று ஒரு தோட்டத்தைப் பார்த்து மறு தோட்டம் சேர்ந்தது. 1947-இல் காவல் துறையோடு மோதல் மூண்டு உயிரிழப்பும் கைதுகளும் நேர்ந்தன, இயக்கம் அடக்கப்பட்டது. அதன் முறைகளில் கடுமையும் கலந்திருந்தது என்பதை நாம் மறைக்கவேண்டியதில்லை. ஆனால் பக்கத்து வீட்டுக்காரன் குடிக்கவில்லை என்பதைக் கண்ணால் கண்ட ஒருவன் தானும் குடிக்காமல் வீடு திரும்பினான். மில்வாக்கிச் சமையலறையில் எஸ்தர் மான்ஸ் தம் தோழியரைக் கூட்டியது இதற்கு அடுத்த ஆண்டுதான்.

இன்னும் சிறிய எடுத்துக்காட்டு வேண்டுமானால் நம் பெண்கள் போடும் கூட்டுப்பணத்தைச் சொல்லலாம். மாதம் 50 வெள்ளி தனியாகச் சேர்த்து வை என்றால் முடியாது. பத்துப் பேர் சேர்ந்து போட்டால் முடிகிறது. கட்டாவிட்டால் மற்ற ஒன்பது பேர் முகத்தில் எப்படி விழிப்பது?

ஆய்வாளர்கள் இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். 1999-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் 166 பேர் பங்குபெற்றனர். சிலர் தனியாக வந்து சேர்ந்தவர்கள். சிலர் நண்பர் மூவரை அழைத்துக்கொண்டு வந்தவர்கள். நான்கு மாதப் பயிற்சி. தனியாக வந்து வழக்கமான பயிற்சி மட்டும் பெற்றவர்களில் 76 விழுக்காட்டினர் பயிற்சியை முடித்தார்கள். குறைத்த எடையைப் பத்தாம் மாதம் வரை முழுமையாகக் காத்தவர்கள் 24 விழுக்காட்டினரே. நண்பரோடு வந்து, ஒருவரையொருவர் தாங்கிக்கொள்ளும் பயிற்சியும் பெற்றவர்களில் 95 விழுக்காட்டினர் முடித்தார்கள். 66 விழுக்காட்டினர் எடையைக் காத்தார்கள். எடை இறங்குவது ஒரு வெற்றி என்றால் இறங்கிய எடை ஏறாமல் நிற்பதுதான் பெரிய வெற்றி. துணையின் பயன் அங்கேதான் மிகுதியாகத் தெரிகிறது.

நம் மொழி பேசும் மண்ணிலும் சான்று உண்டு. சென்னையில் நீரிழிவின் வாசலில் நின்ற 578 பேரைக் கொண்டு நடந்த ஆய்வு ஒன்று 2016-இல் வெளியானது. உணவையும் நடையையும் குழு வகுப்புகளாக நடத்திக் கற்பித்தார்கள். தேவைப்பட்டவர்களுக்கு மருந்தும் சேர்த்தார்கள். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களோடு ஒப்பிட்டால், நீரிழிவு வரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

நம் வாசலுக்கே வருவோம். 2014-இல் சுகாதார அமைச்சின் ஆய்வாளர்கள் கிள்ளான் பள்ளத்தாக்கின் மலிவு விலை அடுக்குமாடிகளில், எடை மிகுந்த இல்லத்தரசிகள் 328 பேரைக் கொண்டு ஓர் ஆய்வைத் தொடங்கினர். 169 பேருக்கு உணவு ஆலோசனை, உடற்பயிற்சி, உண்பதை எழுதிவைக்கும் குறிப்பேடு, காலடிகளை எண்ணும் சிறு கருவி ஆகியவை கிடைத்தன. மற்ற 159 பேருக்குப் பெண்கள் உடல்நலம் பற்றிய சொற்பொழிவுகள் மட்டும். ஆய்வு முடிவுகளைவிட, அது நடந்த இடம் எங்கள் மனத்தைத் தொட்டது. வேலைக்குப் போகாத பெண்களிடம், அவர்கள் வசிக்கும் மாடிக்கே போனார்கள். 2013-இல் தொடங்கிய கோஸ்பென் திட்டமும் அப்படித்தான்: குடியிருப்பிலுள்ள தொண்டர்களே அக்கம்பக்கத்தாரின் எடையையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்துச் சொல்வது.

இவற்றையெல்லாம் படித்தபின் நாங்கள் சும்மா இருக்க முடியவில்லை. செலாயாங்கில் எங்கள் பள்ளிப் பிள்ளைகளின் தாய்மார் சிலரும் ஆசிரியைகள் மூவருமாக ஆளுக்கு ஐந்து வெள்ளி போட்டு ஒரு தராசு வாங்கினோம். ஞாயிறு காலையில் அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் கூடுவோம். ஒரு விதியை முதல் நாளே வைத்தோம். தராசின் எண்ணைப் பால் கொட்டகையில் சொல்வதுபோல உரக்கச் சொல்லக்கூடாது. ஏறியவர் பார்த்து, தம் புத்தகத்தில் தாமே எழுதிக்கொள்ளவேண்டும். சொல்ல விரும்பினால் சொல்லலாம். ஆனால் அந்த வாரம் ஒளித்துத் தின்றதை மட்டும் எல்லாரும் சொல்லியே ஆகவேண்டும்! ஆசிரியைகளான எங்களிடமிருந்துதான் தொடங்கினோம். ஆசிரியர் அறையில் எப்போதும் ஒரு முறுக்கு டின் உண்டு. அன்றைய சிரிப்பு மாடிவரை கேட்டிருக்கும்.

மாதம் ஒரு கிலோ, இரண்டு கிலோ என்பதற்கு மேல் யாரையும் நாங்கள் ஊக்குவிப்பதில்லை. சோற்றை நிறுத்தச் சொல்வதும் இல்லை. தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ பருப்போ. தேநீரில் கெட்டிப்பால் முதல் மாதம் பாதி, அடுத்த மாதம் இல்லை. மாத்திரையோ ஊசியோ போட்டுக்கொள்பவர்கள் மருந்தகத்தில் கேட்காமல் உணவைக் குறைக்கக்கூடாது, சர்க்கரை திடீரென இறங்கி மயக்கம் வரும். அரசாங்க மருந்தகத்தில் ஒரு வெள்ளி கட்டணத்தில் மருத்துவரைப் பார்க்கலாம். உணவு ஆலோசகரைக் காணவும் அவரிடமே கேட்கலாம். விற்பனைக்கு வரும் மெலியவைக்கும் தூள்களைப் பற்றி எங்கள் கூட்டத்தில் பேச்செடுப்பவருக்கு ஒரு வெள்ளி அபராதம் உண்டு.

மூன்றாம் மாதத்தில் ஒரு அக்காள் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. தீபாவளி முடிந்த சமயம். எடை ஏறிவிட்டது என்று ஊகித்தோம். இருவர் அவர் வீட்டுக்குப் போனார்கள். தராசைக் கொண்டுபோகவில்லை; பேசிக்கொண்டிருந்துவிட்டு, "நாளைக்கு ஆறு மணிக்கு நடக்கப் போறோம், கீழே நில்லுங்க அக்கா" என்று மட்டும் சொல்லி வந்தார்கள். மறுநாள் அவர் நின்றார். விரலை இழந்த தாயாரும் இப்போது வருகிறார். அவரால் வேகமாக நடக்க முடியாது. அதனால் அவரோடு மெதுவாக நடப்பதற்கு வாரம் ஒருவர் என்று முறை வைத்திருக்கிறோம்.

போன மாதம் பத்துமலைக்குப் போனோம். 272 படிகள். முட்டிவலியால் ஏழெட்டு ஆண்டாகக் கீழே நின்றே கும்பிட்டு வந்த ஒருவர், இம்முறை ஏறிப் பார்ப்பதாகச் சொன்னார். பாதிக்குச் சற்று மேலே போனதும் உட்கார்ந்துவிட்டார். நாங்களும் அந்தப் படியிலேயே உட்கார்ந்தோம். குரங்கொன்று வந்து எங்கள் பையைப் பார்த்தது; உள்ளே வெள்ளரிக்காயும் தண்ணீரும்தான். கால் மணி நேரம் கழித்து, "சரி, எழுந்திருங்க" என்று அவரே சொன்னார். அன்று மேலே போய்ச் சேர்ந்தோம்.